தொடாமல் விட்ட மேடு

சாந்தா,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பெற்ற மகளுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இந்த காஜா பேராங் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ பின்கட்டில் இருக்கிறாய். உன் அம்மா உனக்குக் கல்யாண ரவிக்கை அளவு பார்த்துக்கொண்டிருக்கிறாள். வளையல் சத்தம் கடை வரைக்கும் கேட்கிறது. எழுந்து நாலு எட்டு வைத்தால் உன் முன்னால் நின்றே சொல்லிவிடலாம். எழுந்தும் பார்த்தேன். முதல் தடவை தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த தடவை நீ நிமிர்ந்து, “என்னாப்பா?” என்று கேட்டாய். “ஒண்ணுமில்ல, சுத்தியல எங்க வச்சேன்னு பாக்குறேன்” என்றேன். சுத்தியல் என் கையிலேயே இருந்தது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இன்று சிரிக்கவில்லை. போன வாரம் நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு நீ என்னைப் பார்த்துச் சிரிப்பதையே விட்டுவிட்டாய். அதனால்தான் இந்தப் பேனா.

சண்டை எதற்கென்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவைக்கிறேன். ஈப்போவிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து சீர்வரிசை பேசிய அன்று, பீரோ கட்டிலோடு ஒரு தையல் மிஷினும் கேட்டார்கள். தப்பில்லை. நம் ஜனங்களில் பெண்ணை அனுப்புகிற வீட்டிலிருந்து தையல் மிஷின் ஏறாமல் லோரி புறப்படுவதில்லை. நானும் தலையாட்டினேன். அவர்கள் போன பிறகு நீ கடைக்குள் வந்து, நம் எழுத்து வெட்டும் மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டு, “தையல் மிஷின் வேணாம்ப்பா. எனக்கு இத குடுங்க” என்றாய். ஏதோ பலகாரத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிற மாதிரி கேட்டாய். எனக்கு வந்ததே கோபம். “இத குடுத்துட்டு நான் என்னா, பாசார்ல உக்காந்து குடை ரிப்பேர் பண்றதா?” என்று கத்தினேன். தெருவில் போன கச்சான் கடலை வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நீ உள்ளே போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடிந்து, திங்கட்கிழமை காலை லோரி வருகிறது. இந்த மிஷின் அதில் ஏறுமா, இங்கேயே நிற்குமா என்பதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதை எழுதத் தொடங்கும் இந்த நிமிஷம் வரைக்கும் பதில் என்னிடம் இல்லை. எழுதினால் வருகிறதா பார்க்கலாம்.

இந்தக் கடிதம் உன் மாமியார் கையில் சிக்கினாலும் சிக்கும். அவருக்கும் புரியட்டும். சம்பந்தியம்மா, இந்த மிஷின் தைக்காது. இரும்பில் நான்கு கைகள், கதவுக் கீல் போல ஒன்றோடொன்று கோத்தவை. ஒரு முனையில் ஊசி. இன்னொரு முனையில் மோட்டாரில் சுழலும் கத்தி. மேசையில் பெரிய எழுத்தாக ஓர் அச்சை வைத்து அதன் ஓரமாக ஊசியைக் கையால் நகர்த்தினால், அந்தப் பக்கம் கத்தி அதே எழுத்தைச் சின்னதாகப் பித்தளையில் வெட்டும். வாசல் பெயர்ப்பலகை, ஆபீஸ் கதவுப் பலகை, கோயில் உபயப் பலகை எல்லாம் இதில்தான் பிறக்கின்றன. வெள்ளைக்காரன் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறான். நம் வீட்டில் அதை வெட்டிச் சுருக்கி ‘பேன்டோ’ என்கிறோம். எங்கள் வீட்டுச் சோறு இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் மருமகள் கேட்பது இதைத்தான்.

சுதந்திரம் வரப்போகிறது என்று உறுதியானதும் ஆற்றோரத்தில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டினார். மீசை முளைக்கும் முன்பிருந்தே நான் அவரிடம் வேலை பார்த்தவன் என்பதால் பேன்டோ எனக்கு வந்தது. கூடவே ஒரு மரப்பெட்டி நிறைய ஆங்கில எழுத்து அச்சுகள். அந்த வருஷம் ஊரில் எந்தக் கதவைப் பார்த்தாலும் பெயர் மாறிக்கொண்டிருந்தது. துரைமார் காலி செய்த நாற்காலிகளில் நம் ஊர் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பழைய பலகையைக் கழற்றிக்கொண்டுவந்து, “பின்பக்கம் திருப்பிப் புதுப்பேர் போட்டுக் குடுங்க” என்பார்கள். பித்தளை விற்கிற விலையில் யார் புதுத் தகடு வாங்குவது? வேலைக்குக் குறைவில்லை. தமிழில் போடச் சொன்னவர்களைத்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன், அச்சு இல்லை என்று. நீ பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம். துத்தநாகத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ‘க’ எழுதி, மெல்லிய கம்பி ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு, என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாய். நான் பாராட்டவில்லை. “வளைவு சரியில்ல” என்றேன். சரியாகத்தான் இருந்தது. முழு எழுத்தும் அறுத்து முடிக்க உனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. இப்போது துரையின் பெட்டியைவிட உன் பெட்டிதான் கனம்.

புடைப்பு எழுத்தும் உன் வேலைதான். நான் துரையிடம் கற்றது எழுத்தைப் பள்ளமாக வெட்டி அதில் கறுப்பு மை நிரப்புவது. துரைமார் வீட்டில் ஈரத்துணியால் துடைப்பார்கள், மை நிற்கும். நம் வீட்டுப் பெண்கள் பித்தளையைக் கண்டால் சும்மா விடுவார்களா? புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் ஒரு பிடி பிடித்துவிடுவார்கள். இரண்டு தீபாவளி கழிவதற்குள் மை போய், பள்ளத்தில் புளிச்சக்கை காய்ந்து, யார் வீடு என்றே தெரியாது. தெங்கேராவில் ஒருவர், “என் பேர எறும்பு தின்னுடுச்சு” என்று பலகையைக் கொண்டுவந்து போட்டார். நீதான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எழுத்த வெட்டாம, எழுத்தச் சுத்தி வெட்டினா என்னாப்பா?” என்றாய். தகட்டின் நடுவில் ஒரு குழி. குழிக்குள் எழுத்து மட்டும் மேடாக நிற்கும். சுற்றிலும் விளிம்பு எழுத்தைவிட மயிரிழை உயரம். தேங்காய் நார் போடுகிற அழுத்தத்தை விளிம்பு வாங்கிக்கொள்ளும். எழுத்து பளபளக்கும். குழியின் தரை தானாகக் கறுத்துக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்கப் பெயர் தெளிவாகும். நல்ல யோசனை என்று அன்றே சொல்லியிருக்கலாம். “நேரம் புடிக்கும், கட்டுப்படியாகாது” என்றேன். என் வாய் அப்படி.

அதில் நான் பட்ட அவமானம் உனக்கு நினைவிருக்கும். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. ஓர் ஆபீஸ் பெரியவருக்குப் புடைப்பு எழுத்தில் பலகை. வழக்கம்போல முன்பு இருந்த துரையின் பலகையைத் திருப்பிப் போட்டு வேலை. ‘நீ நகரு, நானே வெட்டுறேன்’ என்று உட்கார்ந்தேன். குழி ஆழமாக இருந்தால் எழுத்து எடுப்பாக இருக்கும் என்று கத்தியை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறக்கினேன். பின்பக்கம் துரையின் பெயர் பள்ளமாக இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை. வேலை முடிந்து, மினுக்கி, பெரியவரே வந்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அவர் பெயருக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகப் பழைய துரையின் பெயர் தலைகீழாக எட்டிப் பார்த்தது. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “இன்னும் போகலையா இந்த ஆளு?” என்று மட்டும் கேட்டார். நீ ஓடிப்போய் அடுப்படியில் நின்று சிரித்தாய். அன்றிலிருந்து பழைய தகடு எது வந்தாலும் முதலில் அதன் கனத்தை அளந்து, பழைய எழுத்தின் ஆழத்தைக் கழித்து, மீதியில் எவ்வளவு தோண்டலாம் என்று சாக்கட்டியால் தகட்டின்மேலேயே எழுதிவைக்கிறாய். நான் அதைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை. நேற்று இதோடு நிறுத்திவிட்டேன், ஆள் வந்துவிட்டது. யார் வந்தது என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று உன் அம்மாவுக்குச் சட்டம். அவரோ ஈப்போவிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு அளவு நாடாவோடு கடை வாசலில் வந்து நிற்கிறார். உன் அம்மா உன்னைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய வேகத்தில் அடுப்படிக் கண்ணாடி ஒன்று விழுந்து உடைந்தது. மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. “கிளேபாங்ல ஒரு கூட்டாளிய பாக்க வந்தேன் மாமா, அப்படியே...” என்றார். கிளேபாங்கில் இருக்கும் கூட்டாளியைப் பார்க்க யாராவது அளவு நாடா கொண்டுவருவார்களா? உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பேன்டோவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து அடிப்பலகையைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்ட முதல் கேள்வி இது: “மாமா, இதுக்கு தரையில எத்தன போல்ட்டு போடணும்?”

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டீர்கள். எப்போது பேசினீர்கள், யார் மூலம் பேசினீர்கள் என்று தெரியவில்லை, தெரிய வேண்டாம். கோபம் வந்தது. ஆனால் பார், அவர் கேட்ட கேள்வி அப்படி. இது எவ்வளவு பெறும், மாதம் என்ன வரும், பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை. ஈயச் சுரங்கத்துப் பட்டறையில் பிட்டராக இருக்கிறவர், ஒரு மிஷின் அசையாமல் நிற்க என்ன வேண்டுமோ அதைக் கேட்டார். பதில் சொல்லாமல் இருக்க என் வாய்க்குத் தெரியவில்லை. “போல்ட்டு முக்கியமில்ல, அடியில ரப்பர் ஷீட்டு போடணும். லோரி போனாக்கூட கத்தி நடுங்கும்” என்றேன். “வீட்டு முன்னாடி லோரி போகாது மாமா. பக்கவாட்டு ரோடுதான். வெராண்டாவுல சிமெண்டு நானே ஊத்திட்டேன்” என்றார். ஊற்றியே விட்டாராம்! “யார கேட்டு ஊத்தினீங்க?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “மிஷின் வராட்டி துணி தொவைக்கிற கல்லு போட்டுக்கலாம் மாமா” என்றார். சிரிப்பை அடக்க நான் உள்ளே போய்த் தேநீர் போடச் சொல்லவேண்டியிருந்தது.

அவர் போன பிறகு உன் அம்மாவிடம் கத்தினேன். உனக்கும் கேட்டிருக்கும். “எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டு எங்கிட்ட எதுக்கு கேக்குறீங்க?” என்றேன். அவள் உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே, “முடிவு பண்ணியிருந்தா எதுக்குங்க கேக்கப்போறா? நீங்க வேணாம்னா வேணாம்னுதான் அவ இருக்கா” என்றாள். அந்த வார்த்தைதான் என்னை இருக்கவிடவில்லை. நீ பிடிவாதம் பிடித்தால் நானும் பிடிக்கலாம். நீ பேசாமல் தையல் மிஷினுக்குத் துணியுறை தைத்துக்கொண்டிருக்கிறாய். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைக்குள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா உனக்குக் கல்யாணப் பலகாரம் கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டிக் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அவருடைய மலாய் பாதிதான் வரும். ஆனால் சுவர் ஓரம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, மிஷினைக் காட்டி, உள்ளே உன்னைக் காட்டி, “காசிலா, காசிலா” என்றார். கொடுத்துவிடு என்கிறார். ஊரே சேர்ந்து என் மிஷினைத் தானம் பண்ணிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்ச் சங்கக் கட்டடத்துப் பலகை அப்போது நினைவுக்கு வந்தது. திறப்பு விழாவுக்குக் குழியும் புடைப்பு எழுத்துமாக நீ வெட்டியது. தலைவர், செயலாளர், பொருளாளர், கட்டடக் குழு என்று வரிசையாகப் பெயர்கள். எல்லாம் முடிந்தும் அடியில் ஒரு வரி அகலத்துக்குப் பித்தளை மேடு வெட்டாமல் நின்றது. “இது என்னா, பொளக்காத வெறகு மாதிரி?” என்று திட்டினேன். நீ நிதானமாகச் சொன்னாய்: “பள்ள எழுத்துன்னா எப்ப வேணும்னாலும் சேத்துக்கலாம்ப்பா. இதுல எடுக்கத்தான் முடியும், சேக்க முடியாது. வெட்டி எடுத்த பித்தளைய திரும்ப ஒட்டவா முடியும்? நம்ம சங்கத்துல பேரு போட்டு முடிஞ்ச பெறகுதான் சண்டையே ஆரம்பிக்கும். அதான் கொஞ்சம் விட்டு வச்சிருக்கேன்.” விழாவுக்கு முதல் வாரம் அப்படியே நடந்தது. பொருளாளர் கோபித்துக்கொண்டு விலகினார். புதுப் பொருளாளர் தலைவரோடு வந்து கடையில் நின்றார். பழைய பெயரை வழித்துவிட்டுப் புதுப் பெயரைப் போடச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொண்டிருப்பேன், வழிப்பது சுலபம். நீதான், “சேத்துத் தரேன். எடுக்க மாட்டேன். வெயில்ல அலைஞ்சு வசூல் பண்ணது அவருல்ல?” என்றாய். தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அடியில் இருந்த மேட்டில் புதுப் பெயர் ஏறியது. விழாவன்று பழையவர் வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி வாசலில் நின்றார். பலகையைப் பார்த்ததும் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பிடி பித்தளையை வெட்டாமல் விட்டதில் எவ்வளவு நடந்தது பார்.

வெள்ளிக்கிழமை. இன்று நீயும் அம்மாவும் செமாபோக்கில் சித்தி வீட்டுக்கு, விட்டுப்போன கடைசிப் பத்திரிகையை வைக்கப் போனீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினேன். எனக்கு ஒன்று தெரிந்தாகவேண்டும். நீ இல்லாமல் புடைப்பு எழுத்து என் கையால் வருமா? வந்தால் மிஷின் இங்கேயே நிற்கும், நான் பிழைத்துக்கொள்வேன், உனக்குத் தையல் மிஷின்தான். மனசாட்சிக்குப் பயப்படாமல் அப்படித்தான் நினைத்தேன். துரை தன் கடை வாசலில் மாட்டியிருந்த பலகை பரணில் கிடந்தது. அதை இறக்கிப் பின்பக்கம் திருப்பி வைஸ் இடுக்கியில் கட்டினேன். உன்னைப் போலவே கனம் அளந்தேன், கழித்தேன், சாக்கட்டியால் எழுதினேன். இரண்டு வரி. மேல் வரியில் ‘பித்தளை எழுத்து வேலை’ என்று போடலாம். கீழ் வரியில் ஒரு பெயர். யார் பெயர் என்பதில்தான் தடுக்கியது. மிஷின் இங்கே நின்றால் என் பெயர். உன்னோடு வந்தால் உன் பெயர். உன் பெயர் என்றால் முன்னால் இனிஷியலாக என் எழுத்தா, திங்கட்கிழமை முதல் மாப்பிள்ளையின் எழுத்தா? யோசித்தும் முடிவு வராமல், கீழ் வரியை மேடாகவே விட்டுவிட்டு மேல் வரியைத் தொடங்கினேன்.

தடித்த கத்தியால் குழியைத் தோண்டியதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு மெல்லிய கத்தியை மாட்டிக்கொண்டு எழுத்தை நெருங்கினேன். முதல் எழுத்தைச் சுற்றி வந்தேன். தூளை ஊதிவிட்டுப் பார்த்தால் எழுத்து இளைத்திருந்தது. என் கண்தான் சரியில்லை என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனேன். அதுவும் இளைப்பு. மூன்றாவது எழுத்தில் சுழிக்குப் பக்கத்தில் நூலாக நின்ற பித்தளை கண்ணெதிரே உடைந்து கத்தியோடு போய்விட்டது. அப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பி ஊசியைப் பார்த்தேன். காலையில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நம்பர் வில்லை வெட்டிய மெல்லிய ஊசி அப்படியே இருந்தது. பள்ள எழுத்துக்கு அது போதும். புடைப்பு எழுத்துக்குக் கத்தி எழுத்தின் வெளியோரமாகப் போகவேண்டும். கத்தியின் பருமனுக்குத் தக்கபடி ஊசியும் தடிப்பாக இருந்தால்தான் கத்தி தள்ளி நிற்கும். மெல்லிய ஊசி என்றால் கத்தி எழுத்தையே தின்றுவிடும். இது எனக்குத் தெரியாததா? துரையிடம் நான் கற்ற முதல் பாடங்களில் ஒன்று. ஆனால் இத்தனை வருஷமாக நான் எழுந்த பிறகு நீ வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஊசியை மாற்றியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும். நான் அதைக் கவனித்ததே இல்லை. எல்லாம் தானாக நடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

மிஷினை நிறுத்திவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுதேன் என்றே எழுதுகிறேன், ஈப்போ வரைக்கும் போகிற கடிதத்தில் பொய் எதற்கு? மிஷின் போகிறதே என்று அழவில்லை. நீ போகிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பீரோ வாங்கினேன், பந்தல்காரரிடம் பேசினேன், பத்திரிகை அடித்தேன், எல்லாம் யாரோ ஒருத்தியின் கல்யாணம் போலவே செய்துகொண்டிருந்தேன். இந்தச் சத்தம், இந்தக் கத்தல், மிஷினுக்காக என்று நினைத்திருந்தேன். மிஷின் இங்கே நின்றால் நீயும் கொஞ்சம் இங்கே நிற்பாய் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைப்பு போலிருக்கிறது. பெரிய புத்திசாலித்தனம்தான். பிறகு எழுந்து, கெட்டுப்போன எழுத்துகளையும் வெட்டாமல் மிச்சமிருந்த மேல் வரியையும் தடித்த கத்தியால் வழித்துத் தரைமட்டமாக்கினேன்.

நீங்கள் செமாபோக்கிலிருந்து திரும்பியபோது நான் பேன்டோவின் கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். உன் அம்மாதான் பேசினாள். “அத குடுத்துட்டு நீங்க என்னாங்க செய்யப்போறீங்க?” என்றாள். “தட்டுவேன்” என்றேன். தோட்டத்து வில்லைகளுக்குச் சுத்தியலும் எழுத்து உளிகளும் போதும். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பேன், பொழுது போகும். தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணிமார் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. புடைப்பு எழுத்து வேண்டுமென்று யாராவது வந்தால், விவரத்தைத் தபாலில் அனுப்புகிறேன், நீ வெட்டி பஸ்ஸில் போட்டுவிடு. நீ பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, நான் கழற்றிய கையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தாய். இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சாக்கில் சுற்றினோம். நீ சிரித்தாய், நான் பார்த்தேன்.

இனி சில விஷயங்கள், மறந்துபோகும் முன். சிமெண்டு நன்றாகக் காய்ந்த பிறகு மிஷினை இறக்கு. மாப்பிள்ளை அவசரப்பட்டால் விடாதே. தடித்த கத்தியை எழுத்திலிருந்து தள்ளியே ஓட்டு. நெருங்கும்போது மெல்லியதை எடு, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. இதைப் புகுந்த வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, கத்தியைப் பற்றித்தான் சொல்கிறேன். குழியின் மூலை சதுரமாக வேண்டும் என்று எவராவது வந்து நிற்பார்கள். சுழல்கிற கத்திக்கு மூலை உருண்டுதான் வரும் என்று சொல். வேண்டுமானால் உளி எடுத்து அவர்களையே செதுக்கிக்கொள்ளச் சொல். முதல் வேலையை உன் மாமியாருக்குச் செய். அவர் வாசலுக்கு ஒரு பலகை, அவர் பெயரில். புளி போட்டுத் தேய்க்கட்டும், அப்போது தெரியும் தையல் மிஷினுக்குப் பதிலாக என்ன வந்தது என்று. தையல் மிஷினும் வருகிறது. பேச்சுக் கொடுத்தாயிற்று, மாற்ற முடியாது. உன் துணியுறையும் வீணாகவேண்டாம். திங்கட்கிழமை லோரியில் ஏற்றும்போது என்னிடம் ஒன்றும் பேசாதே. கயிறு சரியாகக் கட்டினாயா என்று நான் டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். என்னை அப்படியே விட்டுவிடு.

இந்தக் கடிதத்தை உன் தமிழ் அச்சுப் பெட்டியின் அடியில் வைக்கிறேன். அதற்கும் கீழே பழைய துணியில் சுற்றி அந்தப் பலகை இருக்கும். மேல் வரி போய்விட்டது, அந்த இடம் வெறும் குழி. அதற்கு என்னைத் திட்டிக்கொள். கீழ் வரி மேடாக நிற்கிறது, அதை நான் தொடவில்லை. அதில் யார் பெயரை எந்த எழுத்தோடு போடுவது என்று இன்று முழுக்க யோசித்தேனே, அது என் வேலையே இல்லை. நீயே போட்டுக்கொள். மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் ஊசியை மட்டும் மாற்றிவிடு. மெல்லியதுதான் இன்னும் அதில் இருக்கிறது. கடைசியாக அந்த மிஷினில் உட்கார்ந்தது உன் அப்பா.